உப்பு நீரில் ஒளிந்திருப்பவை



தூத்துக்குடியைச் சூழ்ந்த உப்பளங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாத்தியில் தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படிகிறது. அதில் கால்சியம் உண்டு. அடுத்து, நாம் உண்ணும் உப்பு விளைகிறது. எஞ்சிய கசப்பு நீரில் மக்னீசியம் மிகுந்திருக்கும். ஆக, உப்பு நீர் என்று ஒரே சொல்லால் நாம் சுட்டுவது பல உப்புகளின் கூட்டு. இதனை மறந்தால் என்ன நேரும்?

1882ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் துடிக்க வைத்து முடிவுகளை வெளியிட்டார். பின்னரே ஓர் உண்மை தெரியவந்தது. அக்கரைசல் வாலைவடிநீரில் அன்று, குழாய் நீரில் தயாரிக்கப்பட்டிருந்தது! வடிநீரைக் கொண்டு மீண்டும் செய்தார். துடிப்புத் தளர்ந்து நின்றது. சிறிது கால்சியம் சேர்த்ததும் இதயம் மறுபடி துடித்தது. குழாய் நீரில் கலந்திருந்த கால்சியமே முன்பு அதனைத் துடிக்க வைத்திருந்தது. இதனை மறைக்காமல் 1883இல் அவரே எழுதி வெளியிட்டார். மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டில் தாங்கி நிற்பது அவர் பெயரையே.

உயிரணுவின் மின்னோட்டத்தை அளப்போருக்கு இன்றும் இதே எச்சரிக்கை தேவை. மிக நுண்ணிய முனையுள்ள கண்ணாடிக் குழாயை அணுவின் சவ்வில் பொருத்துவர். சவ்வு திறந்ததும் குழாயிலுள்ள கரைசல் அணுவினுள் பரவும். அங்கே நொதிகள் பணியாற்றுகின்றன. சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் 'பம்பு' ஒரு நொதியே; மக்னீசியம் இன்றி அது இயங்காது.

சவ்வு கண்ணாடியில் நன்கு ஒட்டுவதற்காகச் சிலர் கரைசலில் ஃபுளூரைடு சேர்ப்பர். அதுவோ பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் சிலவற்றை முடக்கும். அடினைலேட் சைக்கிளேஸ் என்னும் நொதியைத் தூண்டவும் வல்லது. அத்தூண்டலுக்கு ஃபுளூரைடு மட்டும் போதாது, நுண்ணளவு அலுமினியமும் வேண்டும் என்று 1982இல் ஸ்டெர்ன்வைஸ், கில்மன் இருவரும் கண்டனர். அந்த அலுமினியம் எங்கிருந்து வந்தது? சோதனைக்குப் பயன்பட்ட கண்ணாடிக் குழாய்களிலிருந்தும் கசிந்து வந்திருந்தது! எவரும் அளந்து இடாத பொருள் அது. நொதி மாறினால் மின்னோட்டமும் மாறக்கூடும். அணுவின் இயல்பென்று நாம் எழுதுவது கரைசலின் செயலாக இருக்கலாம்.

கல்லூரியில் பயிலும் உங்கள் பிள்ளைகளிடம், எந்த நீர், எந்தப் பாத்திரம் என்பதையும் சோதனைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பிழை நேர்ந்தால் அதனை ஒப்புக்கொள்ளவும் பழக்குங்கள். ரிங்கர் மறைத்திருந்தால் அது வெறும் பிழையாகவே மறைந்திருக்கும். ஒப்புக்கொண்டதால் உயிர் காக்கும் அறிவாயிற்று.