வாங்கிய வீடும் வாங்காத பொருளும்

வீடொன்றை விலைகொடுத்து வாங்குகிறவர் அதன் சுவரையும் கூரையையும் கிணற்றையும் கொல்லையையும் வாங்குகிறார். அதில் வாழ்ந்தவர்களுடைய வாழ்க்கையை அவர் வாங்குவதில்லை. இதனை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், பழைய பரணைக் கழற்றும்போதோ, காரை பூசி அடைத்த மாடக்குழியொன்றை உடைத்துத் திறக்கும்போதோ, துணியிற் சுற்றி நூலாற் கட்டிய சிறு பொட்டலம் ஒன்று கையில் அகப்படுமாயின், அப்பொழுதுதான் இவ்வுண்மை சோதனைக்கு உள்ளாகிறது. அப்பொட்டலத்தில் பொன் இருத்தல் அரிது. குழந்தை ஒன்றின் கால் தண்டை, மங்கிப்போன நிழற்படம், நான்காக மடித்த கடிதங்கள், ஒரு ஜாதக ஓலை ஆகிய இத்தகைய பொருள்களே பெரும்பாலும் இருக்கும். அவற்றைக் கண்டெடுத்தவர் யாது செய்தல் தகும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தென்கிழக்கே, கரிசற் சீமையில், ஆலங்குளம் என்னும் ஊர் உள்ளது. அது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த காலங்களில் இச்சீமையின் குடிகள் இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினர். பின்னாளில் சென்னைக்கும் திருப்பூருக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றனர். 1970-ஆம் ஆண்டில் அரசினர் சிமெண்டு ஆலை ஆலங்குளத்தில் அமைந்தபின் வெளியூரார் வந்து குடியேறுதலும், சில ஆண்டு கழித்துப் பெயர்ந்து போதலும் உண்டாயின. இவ்வாறு வீடுகள் கைமாறும் ஊர்களிலெல்லாம், போனவர் மறந்த பொருள் வந்தவர் கையில் அகப்படுதல் இயல்பேயாகும்.

இவ்வூருக்கு அண்மையிலேயே வெம்பக்கோட்டை இருக்கிறது. அங்கே வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நடத்திக் கண்ணாடி மணிகளையும் சங்கு வளையல்களையும் சுடுமண் பொம்மைகளையும் ஆட்டக்காய்களையும் வெளிக்கொணர்ந்தனர். ஒரு காலத்தில் ஒரு பெண்ணின் கையை அலங்கரித்த வளையலையும், ஒரு சிறுவன் விளையாடிய பொம்மையையும் நாம் கூசாமற் பார்க்கிறோம்; படம் எடுக்கிறோம்; எண்ணிட்டு அடுக்குகிறோம். அது குற்றமன்று. அவற்றுக்கு உரியவர்கள் நம் கைக்கு எட்டாத காலத்தில் மறைந்துவிட்டார்கள். ஆனால் முப்பது ஆண்டு சுவருக்குள் கிடந்த பொட்டலமும் அவ்வாறானதா? அதனை வைத்தவர் அடுத்த தெருவில் திண்ணைமேல் அமர்ந்திருத்தல் கூடும். அண்மையிலுள்ளதைத் தொன்மையாகக் கருதி, கைப்பேசியிற் படம்பிடித்து ஊரறியப் பரப்பும் பழக்கம் இக்காலத்தில் மிகுந்துவிட்டது. விந்தை கண்ட மகிழ்ச்சியில் அது செய்யப்படுகிறது, தீய எண்ணத்தினாலன்று. எனினும் மகிழ்ச்சி ஒருவருடையதாயும், அதனால் வெளிப்படும் மறைபொருள் மற்றொருவருடையதாயும் இருக்கிறதன்றோ?

இனி, சட்டம் இதுபற்றி என்ன கூறுகிறதென்று காண்போம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வீடு ஒன்று கைமாறும்போது அதனோடு சேர்ந்து செல்வன இவையென எடுத்துரைக்கிறது: பூட்டு, சாவி, கதவு, சன்னல், மற்றும் வீட்டின் நிலையான பயனுக்கென அமைந்த பொருள்கள். சுவரில் ஒளித்த கடிதக்கட்டு இவற்றுள் ஒன்றாகாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவில், பிறர்க்குரிய பொருளைக் கண்டெடுத்துத் தன்வசம் வைத்துக்கொள்பவன், அடைக்கலமாகப் பொருளை ஏற்றவனுக்குரிய பொறுப்பையே உடையவன் என்று விதிக்கிறது. அறிவுடைய ஒருவன் தன் பொருளை எவ்வாறு பேணுவானோ அவ்வாறே அதனைப் பேணல்வேண்டும் என்பது கருத்து.

1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. மண்ணிலோ, மண்ணோடு பொருந்திய கட்டடத்திலோ மறைத்துவைக்கப்பட்ட, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் கிடைத்தால் அதனைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும் என்று அது வகுத்தது. அச்சட்டத்தின்படி விளம்பரம் செய்தபின், பொருள் நூறாண்டுக்குள் மறைக்கப்பட்டதெனக் கருத இடமிருந்து, மறைத்தவரோ அவர் வழி வந்தவரோ உரிமை கோரினால், அவர் நீதிமன்றத்திற் சென்று தம் உரிமையை நிலைநாட்டக் காலம் கொடுக்கப்படும். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சட்டம் முதலிற் கேட்பது, “வீட்டை விற்றவர் யார்?” என்பதன்று, “மறைத்துவைத்தவர் யார்?” என்பதேயாகும்.

இந்த வேற்றுமையே நாம் வற்புறுத்த விரும்புவது. பொருளைக் கண்டெடுத்தவர்களுள் நல்லவர்கள் பலர், வீட்டை விற்றவரைத் தேடிப்பிடித்து அவர் கையில் அதனைக் கொடுத்துவிட்டால் தம் கடமை முடிந்ததென்று எண்ணுகின்றனர். அது எப்பொழுதும் போதியதன்று. நம் குடும்பங்களில் பத்திரத்திற் கையெழுத்திட்டவர் ஒருவர்; சுவரில் ஒளித்தவர் பெரும்பாலும் மற்றொருவர். வீட்டுப் பத்திரம் தகப்பன் பேரிலும், பிறகு மைந்தர் பேரிலும் இருந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மைந்தரையொப்பப் பிறப்புரிமை, அப்பொழுது மணமாகாதிருந்த மகளிர்க்குத் தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் கிடைத்தது. இந்திய நாடு முழுமைக்கும் மகளிர் உரிமை 2005-ஆம் ஆண்டிலேதான் விரிந்தது. அதற்கு முன் அவ்வீட்டிலேயே பிறந்தும் உழைத்தும் மூத்தும் வாழ்ந்த பெண்ணுக்குத் தனதென்று பூட்டத்தக்க ஒரு பெட்டிகூட இல்லாதிருந்தது வழக்கமேயன்றி விலக்கன்று. அரிசிப்பானையின் அடியும், கம்பு கொட்டிய குலுக்கையின் மூலையும், அடுப்படி மாடமுமே அவளுடைய பெட்டகங்கள். அங்கேதான் அவள் சிறுவாட்டுக் காசைச் சேர்த்தாள். இறந்துபோன குழந்தையின் தண்டையை வைத்தாள். கடல் கடந்து போன கணவனுடைய கடிதத்தை வைத்தாள். வீட்டில் எவர்க்கும் சொல்லாது வைத்த பொருளை, அவ்வீட்டாரிடமே பலர் முன்னிலையில் நீட்டுதல், திருப்பித் தருவதாகுமா, காட்டிக்கொடுப்பதாகுமா என்பதைக் கொடுப்பவர் சிறிது நின்று ஆராய்தல் நன்று.

அப்படியாயின், பொட்டலத்தினுள் இருப்பதைப் படித்துப் பார்த்தன்றோ உரியவரைத் தெரிந்துகொள்ள இயலும் எனச் சிலர் வினவலாம். உறைமேலுள்ள முகவரியைப் படிப்பது வேறு. உள்ளத்தைத் திறந்து எழுதிய பக்கங்களைப் படிப்பது வேறு. உரியவரை அறிய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே படிக்கும் உரிமை நமக்கு உண்டு. பிறன் பொருளைக் கவர நினைப்பதையே குற்றமாகக் கொண்டார் வள்ளுவர். காகிதத்தை மீளக் கொடுத்துவிட்டு அதிலுள்ள செய்தியை மட்டும் எடுத்துக்கொள்பவரும், எடுத்துக்கொண்டவரே.

படியாமற் காத்தலின் மேன்மைக்கு ஒரு சான்று உலகறிந்தது. 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ஆம் நாள், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒளிந்திருந்த யூதக் குடும்பத்தார் பிடிபட்டுப் போனபின், அவர்களுக்கு உதவிவந்த மீப் கீஸ் என்னும் அம்மையாரும் உடன் பணிபுரிந்த மற்றொரு பெண்மணியும், ஆன் பிராங்க் என்ற சிறுமி எழுதிய நாட்குறிப்புத் தாள்களைத் தரையிலிருந்து பொறுக்கியெடுத்தனர். மீப் அவற்றைத் தம் மேசை இழுப்பறையில் வைத்தார். சிறுமி திரும்பி வந்தால் கொடுப்பதற்கென்று ஒரு வரியும் படியாது வைத்தார். அவள் இறந்தது 1945-இல் உறுதியானபின் அவளுடைய தந்தையிடம் ஒப்படைத்தார்; 1947-இல் அது நூலாயிற்று. தாம் அதனைப் படித்திருந்தால், உதவி செய்தவர்களுடைய பெயர்கள் அதில் இருந்தமையால், அவர்களைக் காக்க எரித்திருக்கக்கூடும் என்று அவரே பின்னாளிற் கூறினார். ஆகவே, படியாதிருந்த நேர்மையே அந்த எழுத்தைப் பிழைக்கச் செய்தது.

இனி, மறுபுறத்துத் தவறும் உண்டு. படிக்க விரும்பாதார் சிலர், அயலார் பொருள் வீட்டில் இருத்தல் ஆகாதென அஞ்சி, அதனை ஆற்றிலோ தீயிலோ இட்டுவிடுகின்றனர். இராஜபாளையத்துக்குத் தெற்கே கரிவலம்வந்தநல்லூரில் நடந்ததை மாணவர் நினைவிற் கொள்க. பாண்டியர் மரபினர் ஒருவர்க்கு உரியனவாயிருந்து கோயில் வசம் வந்த ஏட்டுச்சுவடிகள் அங்கே மிகுதியாக இருந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவற்றைத் தேடிச் சென்றபோது, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அறிந்து மனம் நொந்தார். இட்டவர்கள் பகைவர் அல்லர், பக்தியோடு செய்தனர். உரியவர் எழுதிய ஒன்றைத் தன் தூய்மையின் பொருட்டு அழிப்பதும், தன் வேடிக்கையின் பொருட்டு விரிப்பதும், அப்பொருளைத் தனதென்று கருதும் ஒரே பிழையின் இரு கிளைகளேயாம்.

“அங்ஙனமாயின் எதனையுமே எவரும் படிக்கலாகாதா? வரலாறு எவ்வாறு எழுதப்படும்?” என்பது வலிவுள்ள தடையே. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-இல் தாம் இறக்கும்வரை எழுதிவந்த நாட்குறிப்பை, 1846-ஆம் ஆண்டில் கல்லுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சு அதிகாரி கண்டு படி எடுத்தார். அவ்வாறு செய்திராவிட்டால் அக்காலத் தென்னாட்டு வரலாற்றின் பெரும்பகுதியை நாம் இழந்திருப்போம். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் தோன்றியிராது. ஆனால் அங்கே எழுதியவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டு கடந்திருந்தது. அதில் கூறப்பட்டவருள் வெட்கப்பட ஒருவரும் உயிரோடில்லை. எனவே வரலாறும் அடக்கமும் பகையல்ல. இரண்டுக்கும் இடையே நடுவராக நிற்பது காலம். அந்தக் காலம் கனியும்வரை காத்திருக்கக் கண்டெடுத்தவர்க்குப் பொறுமை வேண்டும்.

ஆதலின், மாணவ நண்பர்களுக்கும், ஊர்தோறும் புதுமனை புகும் பழைய மாணவர்களுக்கும் சில சொல்ல விரும்புகிறோம். இத்தகைய பொருள் அகப்பட்டால், இருந்தபடியே கட்டிவையுங்கள். எந்த அறையில், எந்த மூலையில் இருந்ததென்று குறித்துக்கொள்ளுங்கள். விற்றவரிடமும் அண்டை வீட்டு முதியோரிடமும், பொருள் இன்னதென்று கூறாது, “அவ்வறையில் யார் இருந்தார்?” என்று மட்டும் வினவுங்கள். அவர் உயிரோடிருப்பின் தனியே அவர் கையிற் கொடுங்கள். இறந்திருப்பின், அவர்க்கு மிக அணுக்கமாக வாழ்ந்தவரிடம், திறவாதபடியே ஒப்படையுங்கள். திறப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். பொன்னாயின் சட்டப்படி அறிவியுங்கள். பழைய ஏடாயின், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் போன்ற இடங்கள் அதனைப் பேணக் காத்திருக்கின்றன. ஒருவரும் அகப்படாவிடின், ஒரு தலைமுறைக் காலம் உங்கள் பெட்டியில் அது அடைக்கலமாக இருக்கட்டும். அதற்கு வேண்டிய இடம் ஒரு சாண் அளவே.

இவ்வளவு சிறிய பொருளுக்கு இவ்வளவு பெரிய கவலையா எனில், பெரும்பொருளைக் காக்கப் பூட்டும் பத்திரமும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஒரு தண்டைக்கும் ஒரு கடிதத்துக்கும் அவை இல்லை. அவற்றை மறைத்தவர், தமக்குப் பின் அச்சுவரை உடைக்கப்போகிற, முகமறியாத ஒருவருடைய நற்குணத்தையன்றி வேறு காவலின்றி விட்டுச் சென்றார். அந்த முகமறியாத ஒருவர் நாமாக இருக்க நேர்ந்தால், அவர் நம்பியது வீண்போகாதிருக்கட்டும்.