பாறையில் விளையும் ஆட்டுக்கால்!

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால், சாலை ஓரக் கடைகளில் ஒரு விசித்திரப் பொருள் குவிந்து கிடக்கும். பார்த்தால் ஆட்டுக்கால் போலவே இருக்கும். மேலெல்லாம் பழுப்பு நிற ரோமம்!

அதன் பெயர் முடவாட்டுக்கால். தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப்போட்டு சூப் வைக்கிறார்கள். "சைவ ஆட்டுக்கால் சூப்" என்பார்கள். குடித்தால் மூட்டு வலி தீரும் என்பது மக்களின் நம்பிக்கை.

கிழங்கு அல்ல

எல்லோரும் இதைக் கிழங்கு என்கிறார்கள். உண்மையில் இது பெரணிச் செடியின் தண்டு. இது மண்ணுக்குள் விளைவது இல்லை. நிழலான பாறைகளிலும் மரங்களிலும் ஒட்டிப் படர்கிறது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ம் ஆண்டிலேயே இதற்கு லத்தீன் பெயர் வைத்தார்.

பாறையில் மண் ஏது? எரு ஏது? அங்கேதான் அதிசயம்!

இந்தச் செடிக்கு இரண்டு வகை இலைகள் உண்டு. நீண்ட பச்சை இலை உணவு தயாரிக்கும். குட்டை இலை காய்ந்து பழுப்பாகும், ஆனாலும் உதிராது. கூடை போல நின்று, மேலே இருந்து விழும் சருகுகளைப் பிடித்துக்கொள்ளும். சருகு மக்கி எருவாகும். ஈரமும் தங்கும். தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்க்கும் செடி இது!

விதை கிடையாது

பெரணி பூக்காது, காய்க்காது. இலையின் அடியில் தூள் போன்ற வித்துகள் உண்டாகும். அந்தத் தூள் காற்றில் பறந்து, ஈரமான இடத்தில் விழவேண்டும். முதலில் சின்னஞ்சிறு தகடாக முளைக்கும். அந்தத் தகட்டில் நீர் இருந்தால்தான் கரு உண்டாகும். பிறகுதான் புதுச்செடி. பாறையில் இருப்பதை முழுவதும் பெயர்த்துவிட்டால், மறுபடி அங்கே செடி வருவது எளிதா?

விற்பவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அது அவர்கள் பிழைப்பு. இன்று இணையத்திலும் இது விற்பனை ஆகிறது. வாங்குகிறவர் பெருகினால் வெட்டுகிறவரும் பெருகத்தானே செய்வார்கள்?

ஆகவே, ஆசைக்கு ஒரு துண்டு வாங்கினால் போதும். பை நிறைய வேண்டாம். வெட்டுகிறவர்கள் வளரும் நுனியோடு ஒரு பகுதியை விட்டுவைக்கவேண்டும்; அது மீண்டும் தழைக்கும். தண்டை நட்டும் இதை வளர்க்கலாம். மலை மக்கள் தோட்டத்திலேயே வளர்த்து விற்க அரசு கைகொடுக்கவேண்டும்.

பாறையைச் சுரண்டினால் சூப் ஒரு நாளைக்கு. செடியை வளர்த்தால் பேரப்பிள்ளைகளுக்கும் உண்டு!