கோவலூரும் தகடூரும்

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர், மேற்கே தர்மபுரி. சங்க காலத்தில் முன்னது மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர், பின்னது அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர். இருவருமே கடையெழு வள்ளல்கள். கொல்லிமலை ஓரியைக் கொன்ற காரி, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். காரியின் கோவலூரை அதியமான் அழித்தான். அந்த வெற்றி அவனுக்கு எதற்கு உதவியது? தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை வீழ்த்தினான். பக்கத்து ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்டார்கள், பெருவேந்தர்கள் வளர்ந்தார்கள். புறநானூற்றில் இன்னொரு காட்சி: மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடக் கொண்டுவந்திருக்கிறார்கள். யானையைக் கண்டு அழுகையை மறந்த சிறுவர்கள், முன்பின் தெரியாத கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். கோவூர் கிழார் பாடித்தான் அவர்களை மீட்டார். போர் என்றதும் எனக்கு அந்தப் பிள்ளைகளின் முகம்தான் தோன்றுகிறது.

கோவலூரையும் தகடூரையும் போலவே, அண்டை நாடுகளான இந்தியாவும் பாகிஸ்தானும் 1947 முதல் மோதுகின்றன. 1965 ஆகஸ்டில் நம் வீரர்கள் உயிர்கொடுத்துப் பிடித்த ஹாஜி பீர் கணவாயை, 1966 தாஷ்கண்ட் உடன்பாட்டுக்குப் பின் திருப்பிக் கொடுத்தோம். வங்கதேசத்தை விடுவித்த 1971 வெற்றியும் காஷ்மீர்ப் பகையைத் தீர்க்கவில்லை. 1998-இல் இரு நாடுகளும் அணுகுண்டு வெடித்துக் காட்டின. மறு ஆண்டே கார்கில் போர். அணுகுண்டு வைத்திருக்கும் அண்டை நாட்டை முழுதாகத் தோற்கடிக்க எந்தத் தளபதியிடமும் வழி இல்லை. 2025 மே மாதச் சண்டையும் நான்கே நாளில் நின்றது. நம்மைத் தாக்கும் பயங்கரவாதிகளைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால், எல்லைக் கிராமத்து உழவர்கள் குண்டுக்கு அஞ்சாமல் வயலில் இறங்க முடிந்தது, 2021 பிப்ரவரியில் இரு ராணுவங்களும் பேசி முடித்த போர்நிறுத்தத்தால்தான்.