அந்தக் குஞ்சு அநாதை இல்லை!



கோடை விடுமுறையில் தெருவில் விளையாடும்போது, மரத்தடியில் ஒரு பறவைக் குஞ்சு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறக்கத் தெரியாமல் தத்தித் தத்திப் போகும். பக்கத்தில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "ஐயோ பாவம், அநாதை!" என்று தோன்றும். உடனே கையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடத் தோன்றும்.

அப்புறம் என்ன நடக்கும்? செருப்புப் பெட்டியில் பஞ்சு விரித்து, குஞ்சை அதில் படுக்க வைத்து, இங்க் பில்லரால் பால் புகட்டுவீர்கள். பால் சோறு ஊட்டுவீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால் குஞ்சு செத்துக் கிடக்கும். பெரும்பாலும் இதுதான் நடக்கிறது, குட்டீஸ். உங்கள் மனசு நல்ல மனசுதான். ஆனால், அந்தக் குஞ்சு அநாதையே இல்லை என்பதுதான் விஷயம்!

சிட்டுக்குருவிக் குஞ்சு பொரிந்து சுமார் 2 வாரத்திலும், மைனாக் குஞ்சு 3 வாரத்துக்குச் சற்று மேலும் ஆனவுடன் கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். அப்போது அதற்குச் சரியாகப் பறக்க வராது. வால் குட்டையாக இருக்கும். கடைவாய் ஓரத்தில் மஞ்சள் நிறம் மாறியிருக்காது. தரையிலும் புதரிலும் தத்தித் திரிந்துதான் பறக்கப் பழகும். நீங்கள் சைக்கிள் பழகிய நாட்களை நினைத்துக் கொள்ளுங்கள்... அதே கதைதான். அந்த நாட்களில் அம்மாவும் அப்பாவும் இரை தேடிப் போய், திரும்பத் திரும்ப வந்து ஊட்டிக் கொண்டிருக்கும். நீங்கள் பக்கத்தில் நிற்பதால்தான் கீழே இறங்காமல் இருக்கும். மேலே கிளையில் உட்கார்ந்து உங்களைத் திட்டிக் கொண்டிருக்கும் மைனா யாரென்று நினைத்தீர்கள்?

காகம் தலையில் தட்டினால் "சனி பிடிக்கும்" என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள் அல்லவா? கோடை மாதங்களில் காகம் அப்படித் துரத்தினால், பக்கத்தில் எங்காவது அதன் கூடோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். சனியுமில்லை, ஒன்றுமில்லை. அந்த வழியை விட்டு இரண்டு நாள் சுற்றிப் போங்கள், போதும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காகம் ஒரு குஞ்சுக்கு ஊட்டிக் கொண்டிருக்கும். அது காக்கைக் குஞ்சு போலவே இருக்காது. குயில், தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுவிட்டுப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? அது குயில் குஞ்சாக இருக்கும். "காகம் அதைக் கொத்துகிறது" என்று கல்லை எறியாதீர்கள். ஊட்டுகிறதா, கொத்துகிறதா என்று கொஞ்சம் நின்று பாருங்கள்.

ஆகவே, இறகு முளைத்து, தத்தி நடக்கும் குஞ்சைக் கண்டால் செய்ய வேண்டிய வேலை மிகச் சின்னது. பூனையையும் நாயையும் விரட்டுங்கள். குஞ்சு நடுரோட்டில் இருந்தால் மெதுவாக எடுத்து, பக்கத்துச் செடியிலோ தாழ்ந்த கிளையிலோ விட்டுவிடுங்கள். பிறகு தள்ளிப் போய்விடுங்கள். ஜன்னல் வழியாகவோ, மாடியிலிருந்தோ ஒன்றிரண்டு மணி நேரம் பாருங்கள். அம்மா வந்துவிடும்.

"மனிதர் கை பட்டால் தாய்ப் பறவை சேர்க்காது" என்று யாராவது சொல்வார்கள். அது தவறு. நம் வீட்டைச் சுற்றி வாழும் பறவைகள் கை வாசனைக்காகக் குஞ்சை விட்டுவிடுவதில்லை. குஞ்சு கத்துகிற சத்தமும், திறந்த வாயும் போதும் அவற்றுக்கு.

சரி, இறகே முளைக்காத, கண்கூடத் திறக்காத சிவப்புக் குஞ்சு கீழே கிடந்தால்? அது பறக்கப் பழக வந்ததல்ல, தவறி விழுந்தது. மேலே கூடு தெரிகிறதா என்று பாருங்கள். கைக்கு எட்டினால் மெதுவாக உள்ளே வைத்துவிடலாம். உயரமாக இருந்தால் நீங்கள் ஏறவே கூடாது; பெரியவர்களைக் கூப்பிடுங்கள். மரப்பொந்தில் கையை விடவும் வேண்டாம். குஞ்சைத் தேடிப் பாம்பும் வந்திருக்கலாம்! காற்று மழையில் கூடே விழுந்துவிட்டதென்றால், ஒரு சின்னப் பூக்கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு, அதே மரத்தில் நிழலான இடத்தில் கட்டச் சொல்லுங்கள். அதில் குஞ்சை வைத்துவிட்டு விலகிப் போங்கள்.

பூனை கவ்விய குஞ்சு, இறக்கை தொங்குகிற குஞ்சு, அம்மா செத்துக் கிடப்பதை நீங்களே பார்த்த குஞ்சு... இவற்றுக்குத்தான் உண்மையில் உதவி வேண்டும். பூனைப் பல் பட்ட காயம் வெளியே தெரியாவிட்டாலும் ஆபத்து. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய பருத்தித் துணியை விரித்து, குஞ்சை வைத்து மூடி, சத்தம் இல்லாத இடத்தில் வையுங்கள். திறந்து திறந்து பார்க்க வேண்டாம். நமக்கு விளையாட்டாக இருக்கும். அதற்கு உயிர் பயம். பெரியவர்களிடம் சொல்லி, வனத்துறை அலுவலகத்துக்கோ, கால்நடை மருத்துவமனைக்கோ அன்றைக்கே கொண்டு போகச் சொல்லுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ப்ளூ கிராஸைக் கேட்கலாம்.

அதுவரை எதுவும் ஊட்டாதீர்கள். இதைத்தான் மிக முக்கியமாகச் சொல்ல வேண்டும். பறவைக்கு மூச்சுக்குழலின் வாய், நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. நீங்கள் சொட்டுச் சொட்டாக விடும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். பசும்பால் பறவைக்குச் செரிக்காது. சோறும் ரொட்டியும் உதவாது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் பிடித்து வந்து கொடுக்கும், அதுவும் ஒரு மணி நேரத்தில் பல தடவை. புறாக் குஞ்சோ வேறு ரகம். தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் ஊறும் பால் போன்ற ஒன்றைக் கக்கி ஊட்டும். எந்தக் குஞ்சுக்கு எது என்று தெரியாமல் ஊட்டினால், அன்பே விஷமாகிவிடும்.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களும் நாரைகளும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்தவர் பால்பாண்டி. மனைவி வள்ளித்தாயும் கூடவே உழைத்தார். அவர் வனத்துறையோடு சேர்ந்து, பறவைகளின் குணம் அறிந்து அந்த வேலையைச் செய்தார். நாம் செருப்புப் பெட்டியில் செய்வது அதுவல்ல!

"நன்றாகத் தேறிவிட்டால் நானே வளர்க்கிறேனே?" கூடாது. கிளி, மைனா போன்ற நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாமா வீட்டுக் கூண்டில் பச்சைக்கிளி இருக்கிறதா? இந்தப் பக்கத்தை மாமாவிடம் கொஞ்சம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இவ்வளவும் செய்தாலும் சில குஞ்சுகள் பிழைக்காது. வல்லூறுக்கும் குஞ்சு உண்டு, அதற்கும் இரை வேண்டும். அதனால்தான் பறவைகள் ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று, நான்கு முட்டை இடுகின்றன. நீங்கள் செய்ததில் குறை இருந்ததாக நினைத்து அழ வேண்டாம்.

சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்று ஒரு கிராமம். 2020ஆம் ஆண்டு, தெருவிளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னஞ்சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டு விட்டது. சுவிட்சைப் போடப் போனால் அது பயந்து பறந்துவிடும். ஊரார் கூடிப் பேசினார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். முட்டை பொரிந்து குஞ்சுகள் பறந்து போகும் வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த ஊரில் தெருவிளக்கே எரியவில்லை. யாரும் குஞ்சைத் தொடவில்லை, ஊட்டவில்லை, வீட்டுக்குக் கொண்டு போகவில்லை.

உங்கள் ஊர் வனச்சரக அலுவலகத்தின் போன் நம்பரை அப்பாவிடம் கேட்டு, நாள்காட்டி அட்டையில் எழுதி வையுங்கள். குஞ்சை ஒப்படைக்கும்போது எந்தத் தெரு, எந்த மரத்தடி என்று தெளிவாகச் சொல்லுங்கள். தேறிய பிறகு அதே இடத்தில் கொண்டு வந்து விட வசதியாக இருக்கும். அதற்குள் ஒரு பெயர் வைத்துவிடலாமா என்கிறீர்களா? தாராளமாக வையுங்கள்!