அரபு மண்ணில் அரபு தெரியாமல்

துபாயில் பள்ளி செல்லும் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் தனியார் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களில் அதிகம் பேர் படிப்பது பிரிட்டிஷ் பாடத்திட்டம். இந்தியப் பாடத்திட்டம் அதற்கு அடுத்துதான். அபுதாபி, தோஹா, மனாமா, மஸ்கட் நகரங்களிலும் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் வேரூன்றிவிட்டன. அங்கே ஐஜிசிஎஸ்இ, ஏ லெவல் தேர்வுகளை முடித்த பிள்ளை பிரிட்டனிலோ சிங்கப்பூரிலோ கல்லூரியில் சேரலாம். பெற்றோரின் வேலை நாடு விட்டு நாடு மாறினாலும் படிப்பு அறுபடாது. ஆகவே அந்தப் பாடத்திட்டத்தோடு நமக்குச் சண்டையில்லை. அது நடத்தப்படும் நாட்டையே வகுப்பறைக்கு வெளியில் நிறுத்திவிடுவதுதான் நமது ஆட்சேபம்.

அமீரகச் சட்டத்தில் குறையில்லை. எந்தப் பாடத்திட்டமானாலும் அரபு கட்டாயம். அரபு தாய்மொழி அல்லாத பிள்ளைகளும் துபாயில் ஒன்பது ஆண்டுகள் படித்தாக வேண்டும். அத்தனை ஆண்டுகள் படித்தும் கடைக்காரரிடம் நாலு வாக்கியம் பேச வராமல் வெளியேறுவோர் ஏராளம். துபாய் கல்வி ஆணையத்தின் ஆய்வறிக்கைகளைப் புரட்டினால், ஆங்கிலத்திலும் அறிவியலிலும் உயர்ந்த தரம் பெற்ற பள்ளிகளே அரபில் பின்தங்கியிருப்பது திரும்பத் திரும்பத் தெரியும். காரணங்கள் பல. நேற்று வந்து சேர்ந்த பிள்ளையும் ஆறு ஆண்டு படித்த பிள்ளையும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படிக்கும் நிலை இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது இலக்கண அரபு. தெருவில் பேசுவது வளைகுடாப் பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, பல்கலைக்கழகச் சேர்க்கையில் எடை இல்லாத பாடத்துக்குப் பள்ளியும் மெனக்கெடுவதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை.

வரலாற்றின் கதி இன்னும் வருத்தம் தருவது. இங்கிலாந்தின் டியூடர் மன்னர்களைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளைக்கு, 1820 ஒப்பந்தத்தின் மூலம் வளைகுடாக் கரையோர ஷேக்குகளைப் பிரிட்டன் தன் பிடிக்குள் கொண்டுவரத் தொடங்கியதும், 1971இல்தான் வெளியேறியதும் தெரிவதில்லை. ஜப்பானியர் வளர்ப்பு முத்துகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது முத்துக்குளித்துப் பிழைத்த குடும்பங்கள் நொடித்துப்போன கதையும் தெரியாது. இந்தியப் பிள்ளைகளுக்கு இதில் சொந்தமும் உண்டு: 1966 வரை துபாய்க் கடைத்தெருவில் புழங்கியது நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ரூபாய். சமூக அறிவியல் பாடம் அங்கே கட்டாயம்தான். ஆனால் கட்டாயம் என்பதால் மட்டும் ஒரு பாடம் மனத்தில் பதிந்துவிடாது.

‘குடியுரிமை தராத நாடு, நாளை கிளம்பப்போகிறோம், அரபு எதற்கு?’ என்று கேட்கும் பெற்றோரின் தவிப்பு நியாயமானது. ஆனால் அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளி முடிக்கும் தலைமுறை வந்துவிட்டது. 2019 முதல் பத்தாண்டு தங்க விசாவும் உண்டு. அமீரகத்தில் வேலை ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகமும் அரபு வாசகமும் முரண்பட்டால் அரபே செல்லும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்திட்டுத் தவித்த தொழிலாளர்களின் கதைகள் தமிழகக் கிராமங்களில் நிறைய உண்டு. படித்த நம் பிள்ளைகளும் அந்தக் காகிதத்தின் முன் எழுத்தறியாதவர்களாக நிற்கலாமா?

மழலைப் பருவத்திலேயே அரபைத் தொடங்க 2025இல் துபாய் எடுத்த முடிவை வரவேற்கிறோம். அது மட்டும் போதாது. அரபில் பின்தங்கிய பள்ளிக்கு உயர்ந்த தரச்சான்று கிடைக்கக் கூடாது. பள்ளித் தரத்தோடு கட்டண உயர்வை இணைத்த அனுபவம் துபாய்க்கு உண்டு. அந்தக் கணக்கில் அரபுக்குத் தனி எடை வேண்டும். வயதைப் பாராமல் மொழித்தேர்ச்சி பார்த்து வகுப்பு பிரிக்க வேண்டும். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தின் கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் பாகிஸ்தான் ஆய்வும் வங்கதேச ஆய்வும் தனிப் பாடங்களாக இருக்கின்றன. வளைகுடா வரலாற்றையும் அதே தகுதியோடு, பல்கலைக்கழகங்கள் மதிக்கும் தேர்வுப் பாடமாக்கும்படி வளைகுடா அரசுகள் வற்புறுத்த வேண்டும். அந்தத் தேர்வுகளுக்குப் பெரும் எண்ணிக்கையில் பிள்ளைகளை அனுப்பும் நாடுகள் இவை. கேட்டால் மறுப்பது எளிதல்ல.