ரூம் பார்த்தாச்சு... பேப்பர் பார்த்தீங்களா?

கேம்பஸ்ல ஒரகடம் கம்பெனி ஆஃபர் கையில வந்தாச்சா? வாழ்த்துக்கள் ஃப்ரெண்ட்ஸ்! அடுத்த வேலை, ரூம் வேட்டை. மண்ணூரோ, சுங்குவார்சத்திரமோ... கம்பெனி பஸ் எங்க நிக்கும், தண்ணி வருமா, வாடகை எவ்ளோ? நம்ம கேள்வி இதோட முடிஞ்சிடும். 'லைசென்ஸ் இருக்கா?'ன்னு யாராவது கேட்டிருக்கோமா?

2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில சாப்பாடு விஷமாகி, 150 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. தோழிகள் கொதிச்சுப்போய் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்துட்டாங்க. மூடின ஆலை 2022 ஜனவரி 12-லதான் திறந்தது. சில விடுதிகள் தரமா இல்லைன்னு ஆப்பிள் நிறுவனமே ஒத்துக்கிச்சு.

இத்தனைக்கும் சட்டம் இல்லாம இல்லை. பெண்கள், குழந்தைகள் விடுதி நடத்தணும்னா கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும்னு 2014-லேயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு. அதனால தோழிகளே, பெட்டியை இறக்கும் முன்னாடி வார்டன் அக்காகிட்ட லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்க. 2024 ஆகஸ்ட்டுல வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்கற குடியிருப்பு திறந்திருக்காங்க, சந்தோஷம்தான். ஆனா எல்லாருக்கும் அங்கேயே இடம் கிடைச்சிடுமா என்ன?

"அப்போ பசங்க நாங்க?" பேச்சுலர் ரூமுக்கு இந்தச் சட்டம் வராது பாஸ். உங்களுக்குக் கை கொடுக்கறது, 2019 பிப்ரவரி 22-ல அமலுக்கு வந்த வாடகைச் சட்டம். ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். கொடுத்த வாடகைக்கு ரசீது உண்டு. சண்டை வந்தா ஓனர் கரென்ட்டையும் தண்ணியையும் கட் பண்ணக் கூடாது. அட்வான்ஸ் மூணு மாச வாடகைதான். ஆனா ஒப்பந்தத்துல வேற தொகை எழுதியிருந்தா அதுதான் செல்லும். அதனால கையெழுத்துக்கு முன்னாடி அந்த வரியை ரெண்டு தடவை படிங்க. நாலு பேர் ஷேர் பண்றீங்களா? நாலு பேர் பேரும் அதுல இருக்கட்டும். ஒருத்தன் காலி பண்ணிட்டுப் போனா, மத்தவங்க நடுத்தெருவுல நிக்க வேண்டாம்.

கேட்கக் கூச்சமா இருக்கா? உங்க ஆதார் ஜெராக்ஸ் கேட்கும்போது ஓனர் கூச்சப்பட்டாரா என்ன? சாவிக்கு முன்னாடி பேப்பர்... டீல்?