இருட்டு ரூம் கேட்கும் அன்பருக்கு

போன சனிக்கிழமை ஸ்கார்பரோவில் ஒரு பிறந்தநாள் விருந்து. பிரியாணிக்கு நடுவில் ஜெயில் பேச்சு வந்தது. "செம்மரம் கடத்தறவனை எல்லாம் தனியா இருட்டு ரூம்ல போடணும்ங்க, அப்பதான் புத்தி வரும்" என்றார் ஒரு அன்பர். எனக்குச் சொந்த ஊர் சித்தூர். எப்படிச் சும்மா இருப்பது?

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். கொடுமைதான், மறுக்கவில்லை. அதற்காக தமிழ்நாட்டுக் கூலிக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து உள்ளே வைத்தார்கள். 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் 287 பேரை விடுதலை செய்தது. இதில் யாருக்குங்க புத்தி வரணும்?

சட்டம் என்ன சொல்கிறது? தனிமைச் சிறையை நீதிமன்றம்தான் தண்டனையாக விதிக்க முடியும். தொடர்ந்து 14 நாளுக்கு மேல் கூடாது, மொத்தமாக 3 மாதம். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் அதேதான். அப்பீலும் கருணை மனுவும் முடியாத தூக்குக் கைதியைக்கூட சிறை அதிகாரி தன் இஷ்டத்துக்குத் தனிமையில் அடைக்கக் கூடாது என்று 1978-லேயே சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் வரி கட்டும் கனடா மட்டும் ஒழுங்கா? கிச்சனர் சிறையில் 2007-ல் ஆஷ்லி ஸ்மித் என்ற 19 வயதுப் பெண், தனி அறையில், காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனாள்.

ஆனால் தனி அறையே இல்லாமலும் ஒருவனைத் தனிமையில் போடலாம். நான் சித்தூரில் வங்கி வேலையில் இருந்தபோது, ஜவ்வாது மலையிலிருந்து ஒரு அம்மா ஜாமீனுக்குப் பணம் கட்டுவது பற்றிக் கேட்க வந்தார். "பையன் பேச்சையே விட்டுட்டான் சார். உள்ளே எல்லாம் தெலுங்கு. யார்கிட்ட பேசுவான்?" இங்கே முதல் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தமிழ்க்குரல் கேட்காமல் கிடந்தவர்களுக்கு இது புரியும். நமக்காவது கதவு உள்ளே இருந்து திறக்கும்.

2017 மனநலச் சட்டப்படி மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநல சிகிச்சைப் பிரிவு இருக்க வேண்டும். ஒன்று! அங்கேயும் டாக்டர் தெலுங்கில் கேட்டால் மலைக்காரப் பையன் என்ன பதில் சொல்வான்? சித்தூரில் தெருவுக்குத் தெரு தமிழ் பேசுகிறார்கள். வாரம் ஒருநாள் தமிழ் தெரிந்த ஒரு ஆலோசகரை உள்ளே அனுப்புவது அப்படி என்ன பெரிய செலவு? பி.காம். படித்த எனக்கே கணக்குத் தெரிகிறது.

அந்த அம்மாவுக்கு டோக்கன் கொடுத்து உட்கார வைத்தேன். அதற்கு மேல் அன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.